வாடகை வீடும் வளர்ப்பு நாயும்



'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்' என்று தொடங்கும் பழமொழியை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் பிற்பகுதியை நான் சொல்ல வேண்டுவதில்லை. நாயின் குணத்தைப் பழிக்கும் பழமொழி அது என்ற அளவில் நானும் நெடுங்காலம் அதனைச் சொல்லி வந்தேன். என் அறுபத்து நான்காம் வயதில் என் வீட்டு நடுவிலேயே ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது. அதன் பிறகு, அந்தப் பழமொழி கேளாத கேள்வி ஒன்று என் உள்ளத்தில் எழுந்தது. நாயை நடுவீட்டில் வைத்தாயிற்று, சரி. அந்த நடுவீடு யாருடையது?

இது மிகச் சிறிய பொருளாக உங்களுக்குத் தோன்றலாம். ஆயினும் உங்களுள் பலர் நாளை வேலையை நாடிச் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் செல்வீர்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பீர்கள். தனிமை தாங்காமலோ, தெருவில் நனைந்த குட்டியைக் கண்டு மனம் இரங்கியோ ஒரு நாயை வளர்க்கத் தொடங்குவீர்கள். அந்த நாளில் உங்கள் பொறுப்பில் இருவர் வந்து சேர்கின்றனர். ஒருவர் வீட்டுக்கு உரியவர். அவர் அங்கே இல்லை. மற்றொன்று நாய், அதற்குப் பேச வாய் இல்லை. இல்லாதவருக்கும் பேசாததற்கும் இடையே நின்று இருவருக்கும் நியாயம் செய்வது எங்ஙனம் என்பதே இன்று நான் உங்களோடு பேச விரும்பும் பொருள். இதில் நான் தவறியவன். தவறிய பின்பு கற்றவன். ஆதலால் என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, 2016ஆம் ஆண்டில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். மகளின் வேலையை முன்னிட்டுத் திருச்சிராப்பள்ளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் நாங்கள் அனைவரும் வாடகைக்குக் குடியேறினோம். வீட்டுக்குரிய அம்மையார் மயிலாடுதுறையில் தம் தம்பி வீட்டில் இருப்பவர். இரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அவருடைய கணவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் போட்டு வாங்கிய வீடு அது. வாங்கிய மூன்றாம் ஆண்டில் அவர் மறைந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியமும் எங்கள் வாடகையுமே அந்த அம்மையாருக்கு வாழ்வு.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பேரன் ஒரு நாட்டு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மாடியேறி வந்தான். மழை நின்றதும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றேன். மழை நிற்பதற்குள் அதற்கு மணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு எந்த உயிரையும் வெளியே அனுப்புவது எளிதன்று.

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் நாய் வளர்க்கலாம் என்றும் இல்லை. கூடாது என்றும் இல்லை. வீட்டுக்காரம்மாளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று என் மனைவி கேட்டாள். "ஒப்பந்தத்தில் இல்லாததை நாமாக ஏன் எழுப்ப வேண்டும்?" என்று நான் விடை கூறினேன். அன்று அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

குட்டிக்கு நான்கு மாதம் நிறையும்போது தொல்லை தொடங்கியது. சமையலறைக் கதவு நிலையின் அடிமூலையைக் கடித்துத் தும்பாக்கியது. சுவர் அலமாரியின் கீழ்ப்பலகை விளிம்பைத் தின்றது. திரைச்சீலையின் ஓரத்தை நாராகக் கிழித்தது. கூடத்தின் மொசைக் தரையில் நாள் தவறாமல் ஈரம் செய்தது. என் மனைவி நிலையில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். நாய் வேறு மூலைக்குப் போயிற்று. மரத்தில் எண்ணெய்க் கறை படிந்ததே மிச்சம். நான் அதட்டினேன். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தேன். பின்னர்ப் பால்கனியில் குறுகிய சங்கிலியால் கட்டிவைத்தேன். அது இரவெல்லாம் ஊளையிட, கீழ்த்தளத்தார் வந்து முறையிட்டனர்.

மாசி மாதத்தில் கும்பகோணத்தில் ஓர் உறவினர் திருமணம். விடியற்காலையில் நாயை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிக்கொண்டு போனவர்கள் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பினோம். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். தரையெங்கும் மரத்தூள். முன்கதவின் உட்புறத்தில் தரையிலிருந்து ஒன்றரை முழ உயரம் வரை நூற்றுக்கணக்கான நகக் கீறல்கள். அது நல்ல தேக்குக் கதவு. மெருகு போய் வெள்ளை மரம் தெரிந்தது. மூலையில் மணி நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் முன்னங்கால் நகங்கள் இரண்டில் இரத்தம் உறைந்திருந்தது.

இரத்தத்தை நான் பார்த்தேன். ஆனால் எனக்குக் கதவுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் காவிரிப் பாலத்துக்கு அப்பால் எங்கேனும் விட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். வளர்த்த உயிரை அப்படிப் பட்டினியும் தாகமும் வருத்தும் நிலையில் கைவிடுவது குற்றம் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்து எடுத்த முயற்சியின் பயன் அச்சட்டம். நாயை முறையற்ற குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்பொழுதும் கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாயை நடைப்பயிற்சிக்கு விடாதிருப்பதும் அச்சட்டத்தின்படி குற்றங்களே. சட்டத்தை நான் அறியாதவன் அல்லன். சினம் வந்தபோது அறிவு துணைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் பேரன் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அழவில்லை. "தாத்தா, நாம் பதினைந்து மணி நேரம் வரவில்லை. அது கதவைக் கடித்துத் தின்னவில்லை, திறக்கப் பார்த்திருக்கிறது" என்றான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் நினைவு நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் கற்பித்த பேராசிரியர், குழந்தையின் குறும்புக்குக் காரணம் தேடாத ஆசிரியன் நோயைப் பாராமல் நோயாளியை அடிக்கும் மருத்துவனுக்கு ஒப்பானவன் என்று சொல்லுவார். அதனைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், கவராயத்தின் முனையால் மேசையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு மாணவனைப் பிரம்பால் அடித்தேன். மூன்று முறை அடித்தேன். நான்காம் மேசையையும் குடைந்தான். அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணில் குறை இருந்தது என்பதை அரையாண்டுத் தேர்வுக்குப் பின்புதான் அறிந்தேன். கண்ணாடி போட்ட பிறகு அவன் எந்த மேசையையும் தொடவில்லை. அந்தப் பாடத்தை எத்தனையோ இளம் ஆசிரியர்களுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு நாய்க்கு முன்னால் அதனை மறந்துபோனேன்.

அன்று மணியைக் காவிரிப் பாலத்துக்கு அழைத்துச் செல்லவில்லை. அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். காயத்துக்கு மருந்திட்ட மருத்துவர் அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தைப் பின்னர் உங்களுக்கும் சொல்லுகிறேன். அதற்கு முன் கதவின் கதையை முடித்துவிடுகிறேன்.

கதவைப் பார்க்க ஒரு தச்சரை அழைத்து வந்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்து, மேலே அடர்த்தியாக மெருகு பூசினால் யாருக்கும் தெரியாது. வீட்டைக் காலி செய்கிறவரை தாங்கும்" என்றார். கூலியும் குறைவு. நன்றாக இழைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர 4,800 ரூபாய் ஆகும் என்றார். எனக்கு முதல் வழியில் மனம் சென்றது என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

இங்கே சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ளுதல் நலம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குடியிருப்பவர் தாம் பெற்றுக்கொண்ட நல்ல நிலையிலேயே வீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது; நியாயமான புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2019இல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர் - வாடகைதாரர் சட்டமும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. சுவரின் வண்ணம் காலத்தால் மங்குவது புழக்கத் தேய்மானம். கதவில் நாய் போட்ட கீறல் அதில் சேராது. அதனைச் சீர்செய்வது குடியிருப்பவர் கடமை. மெழுகைக் கொண்டு அதனை மறைப்பதற்கு என்ன பெயர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

அன்றிரவு வீட்டுக்காரம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசியில் பேச நாணமாக இருந்தது. நாய் வந்த நாள், சொல்லாமல் மறைத்தது, கதவு, நிலை, அலமாரி, தரை எல்லாவற்றையும் எழுதி, செலவு என்னுடையது என்றும், நாயை என்ன செய்வது என்பதை அவர் சொற்படியே முடிவு செய்வேன் என்றும் எழுதினேன். ஐந்தாம் நாள் அவரே பேருந்தில் வந்து இறங்கினார்.

கூடத்தில் உட்காரவில்லை. நேரே கதவருகில் சென்று கீறல்களை விரல்களால் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார். "இந்தக் கதவுக்கு மெருகு அவரே போட்டார். ஆள் வைத்தால் சரியாகத் தேய்க்க மாட்டார்கள் என்று நான்கு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தார்" என்றார். எனக்கு விடை இல்லை. சிறிது நேரம் கழித்து, "ஐயா, நாய் கீறியது வருத்தந்தான். தலைமையாசிரியர் குடியிருக்கிறார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நான்கு மாதம் நீங்கள் சொல்லாமல் இருந்தீர்களே, அது அதைவிட வருத்தம்" என்றார். நான் பல மாணவர்களைத் தலைகுனிய வைத்திருக்கிறேன். அன்று என் பேரன் முன்னிலையில் நான் தலைகுனிந்து நின்றேன்.

மணி அவர் காலடியில் வந்து முகர்ந்தது. அவர் அதனைத் தொடவுமில்லை, விரட்டவுமில்லை. "மூன்று மாதம் பார்க்கிறேன். அதற்குள் கதவைப் பழையபடி ஆக்குங்கள். புதிதாக ஒரு கீறல் இருந்தாலும் ஒன்று நாய் போக வேண்டும், அல்லது நீங்கள் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் கொடுத்த மோரை மட்டும் குடித்துப் புறப்பட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த மூன்று மாதங்களில் நாங்கள் கற்றதையும் செய்ததையுமே இனிச் சொல்லப்போகிறேன்.

முதலாவது, பல்லைப் பற்றியது. நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதங்களுக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடுகின்றன. அந்தக் காலத்தில் ஈறு தினவெடுக்கும். எதையேனும் கடித்தே ஆக வேண்டும். கடிப்பதற்கு உரிய பொருளை நாம் கொடாவிட்டால், கதவு நிலையை அது தானே தேர்ந்துகொள்ளும். பருத்தித் துண்டை முடிச்சிட்டு நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தோம். பச்சைக் காரட் கொடுத்தோம். நாய்க்கென்று விற்கும் கெட்டி ரப்பர்ப் பொம்மை ஒன்று வாங்கினோம். இவற்றையும் நம் கண் பார்வையில்தான் கொடுக்க வேண்டும். வேகவைத்த எலும்பு கூடாது. அது சிராய்களாக உடைந்து குடலைக் கிழிக்கும். பழைய செருப்பும் கூடாது. பழைய செருப்புக்கும் புதிய செருப்புக்கும் வேற்றுமை நாய்க்குத் தெரியாது. தகாததைக் கடிக்கும்போது அதட்டாமல், தக்கதை வாயில் கொடுத்து, அதனைக் கடித்தால் பாராட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் நிலையை அது மறந்துவிட்டது.

இரண்டாவது, தரையைப் பற்றியது. குட்டி எத்தனை மாதமோ அதனோடு ஒன்று கூட்டினால், அத்தனை மணி நேரமே அது சிறுநீரை அடக்க இயலும் என்பது ஒரு பொதுக் கணக்கு. நான்கு மாதக் குட்டியைப் பதினைந்து மணி நேரம் அடைத்துவிட்டு, தரை நனைந்ததே என்று சினந்தவன் நான். உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடித்தவுடன் கீழே அழைத்துச் சென்று, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அங்கே கழித்தால் உடனே ஒரு சிறு தின்பண்டம். வீட்டுக்குள் கழித்துவிட்டால் முகத்தை அதில் தேய்ப்பது கொடுமை. மறைவாகக் கழிக்க மட்டுமே அதனால் அது கற்றுக்கொள்ளும்.

கழித்த இடத்தை எதனால் தூய்மை செய்கிறோம் என்பதும் முக்கியம். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா நெடி எழுகிறது. அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மத்தால் துடைத்தால், அங்கே யாரோ முன்பே கழித்திருக்கிறார்கள் என்று நாயின் மூக்கு முடிவு செய்துவிடும். சிலர் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் சலவைக்கல் துண்டின்மேல் அமிலம் ஊற்றினால் நுரை பொங்குவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்த நுரை கரியமில வாயு. கல் கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. மொசைக் தரையிலும் சலவைக்கல் சில்லுகளே பதிந்திருக்கின்றன. ஆதலால் அமிலம், எலுமிச்சை, வினிகர் மூன்றும் அத்தரைக்கு ஆகா. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, நீரால் துடைத்து, நொதிகள் சேர்ந்த துப்புரவு நீர்மத்தை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் நெடியின் வேர் அறும்.

மூன்றாவது, நகத்தைப் பற்றியது. நாய் நடக்கும்போது தரையில் நகம் டக் டக்கென்று ஒலித்தால் நகம் வளர்ந்துவிட்டது என்று பொருள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நகத்துக்குள் இரத்தக் குழாய் ஓடுவதால், முதல் சில முறை மருத்துவமனையில் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. வெட்டிய நகம் தரையையும் கீறாது. கதவையும் ஆழக் கிழிக்காது.

நான்காவதே எல்லாவற்றினும் பெரியது. அது தனிமை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டினது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. ஊரைக் காப்பதும் ஆட்டுமந்தையைக் காப்பதும் வேட்டைக்கு ஓடுவதுமாகப் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு கூடவே திரிந்த இனம் அது. அதனை மூன்றாம் தளத்தில், செய்வதற்கு வேலையும் பார்ப்பதற்கு முகமும் இன்றிப் பூட்டிவைத்தால், அதன் வலிமை முழுவதும் கதவின்மேல்தான் செல்லும்.

ஆகவே காலையில் முக்கால் மணி நேரம் நான் மணியோடு நடந்தேன். மாலையில் பேரன் ஓடினான். பிறகு தனித்திருக்கப் பழக்கினோம். முதலில் வெளியே சென்று கதவைச் சாத்தி, ஒரு நிமிடத்தில் திரும்பினோம். பிறகு மூன்று நிமிடம், ஐந்து, பத்து. அது அழத் தொடங்கும் அளவுக்கு நீட்டாமல், அழுகைக்கு முன்பே திரும்பினோம். புறப்படும்போது கொஞ்சுவதும், திரும்பியவுடன் கூத்தாடுவதும் இல்லை. ஆறு வாரத்தில் இரண்டு மணி நேரம் அது அமைதியாக உறங்கக் கற்றது. அதற்குமேல் ஒருபோதும் தனியே விடுவதில்லை. யாரேனும் ஒருவர் இருப்போம், அல்லது பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவோம். முன்கதவுக்கு ஒரு முழத்துக்கு முன்னால் மரத்தட்டி ஒன்றையும் நிறுத்தினோம். தானே நிற்கும்படி கால் வைத்துச் செய்த தட்டி அது; பிறர் சுவரில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. நாய்க்கும் கதவுக்கும் இடையே அந்தத் தட்டி இருந்ததால், பழக்கும் காலத்தில் பழுது நேரவில்லை.

ஐந்தாவது, ஒலி. மனிதச் செவி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்குக் கொண்டாட்டமாக இருக்கும் வெடி அதற்குப் பேரிடி. தீபாவளியன்று நடுங்கும் நாய் எந்தக் கதவையும் பெயர்க்க முற்படும். அன்று உள்ளறையில் சன்னல்களைச் சாத்தி, ஒருவர் உடனிருந்து, மெல்லிய ஒலி கேட்கும்படி செய்தல் வேண்டும். எங்கள் வீட்டில் அன்று வானொலியைத் திறந்துவைத்தோம். நாதசுர இசை முடிந்து சொற்பொழிவு தொடங்கியதும் மணி நன்றாக உறங்கிவிட்டது. இப்பொழுது கேட்டுக்கொண்டிருக்கும் உங்களைப் பற்றி எனக்கு அத்தகைய ஐயம் இல்லை.

சிறு செயல்கள் இன்னும் சில உண்டு. நாயைக் குளிப்பாட்டும்போது வடிகாலின்மேல் ஒரு சல்லடையை வைத்தால் முடி சென்று அடைக்காது. அது சாய்ந்து படுக்கும் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும். அங்கே ஒரு பழைய போர்வையைப் படுக்கையோடு சேர்த்து நிறுத்தலாம். பால்கனியைக் கழுவிய நீர் கீழ்வீட்டார் துணியில் சொட்டக் கூடாது. மாடிப்படியிலும் மின்தூக்கியிலும் கயிறு நம் கையில் இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போட்டுச் சான்றை வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, குடியேறும் நாளிலேயே வீட்டின் கதவு, சுவர், தரை ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இருவரும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொண்டால், பிறகு எது பழைய பழுது, எது புதிய பழுது என்ற பூசலே எழாது.

ஆனி மாதத்தில் வீட்டுக்காரம்மாள் மீண்டும் வந்தார். தச்சர் கதவை இழைத்துக் கொடுத்திருந்தார். மெருகை மட்டும் நானும் பேரனும் தேய்த்தோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தோம். அம்மையார் ஒளி விழும்படி கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ் மூலையில் ஒரு கீறல் மட்டும் ஆழமாக இருந்ததால் முழுதும் மறையவில்லை. அதனை நானே சுட்டிக்காட்டினேன். "தெரிகிறது" என்றார். பிறகு ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, நாய் ஒன்று வளர்க்கலாம் என்றும், அதனால் நேரும் பழுது குடியிருப்பவர் பொறுப்பு என்றும் ஒரு வரி சேர்க்கச் செய்து இருவரும் கையொப்பமிட்டோம். புறப்படும்போது வாசலில் நின்று, "இதற்கு என்ன போடுகிறீர்கள், சோறுதானா?" என்று கேட்டார். அந்த வீட்டில் இன்றும் நாங்கள் குடியிருக்கிறோம்.

மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு வாடகை வீட்டின் சாவியைப் பெறும்போது, யாரோ ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு உங்கள் கையில் வருகிறது. ஒரு குட்டியைத் தூக்கும்போது, பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு வாழ்வு ஒன்று உங்கள் கையில் வருகிறது. இரண்டையும் ஏற்க இயலுமா என்று தூக்குவதற்கு முன்பே எண்ணுங்கள். நாள்தோறும் நடக்க நேரமில்லை என்றால் வளர்க்க வேண்டா; அதுவும் அன்பே. வளர்ப்பதென்று துணிந்தால், குட்டி வாசற்படி ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்குரியவரிடம் சொல்லுங்கள். அவர் மறுத்தால் வருத்தமாக இருக்கும். அந்த வருத்தம், நான்கு மாதம் கழித்து நான் பட்டதைவிடச் சிறியது.

எங்கள் முன்கதவின் கீழ் மூலையில் அந்த ஒரு கீறல் இன்னும் இருக்கிறது. காலையில் மணியோடு நடக்கப் புறப்படும்போது குனிந்து செருப்பை மாட்டுகிறேன்; அப்போது அது கண்ணில் படும். பட வேண்டியதுதான்.